மலைமேல் இருந்த நோட்டு

ஆஸ்பத்திரியின் சலவை அறை நிலத்துக்குக் கீழே இருந்தது. ஜன்னல் கிடையாது. மூன்று இயந்திரங்கள், கொதிக்கும் ஆவி, எடுக்க எடுக்கக் குறையாத படுக்கை விரிப்புகள். வாரத்தில் ஆறு நாள் அதோடு மல்லுக்கட்டிய சலவைக்காரி, ஏழாவது நாள் யார் தடுத்தாலும் மலையேறினாள். புருஷன் அவள் முட்டிக்குத் தைலம் தேய்த்தபடியே புலம்புவார். "வலிக்கிறது எனக்குத்தானே" என்பாள். இருபத்திரண்டு வருஷமாக இதே கதை.

அந்தத் தீவில் இருக்கிற ஒரே மலை அது. அருவி, கோபுரம் என்று படமெடுக்க ஒன்றுமில்லாததால் படகில் வருகிறவர்கள் கடற்கரையோடு திரும்பிவிடுவார்கள். ஆனால் உச்சியில் நின்றால் நான்கு பக்கமும் கடல். அந்தக் காற்றை ஒரு மணி நேரம் வாங்கினால்தான் அடுத்த ஆறு நாளை அவளால் தள்ள முடியும்.

உச்சியில் ஒரு தகரப்பெட்டி. அதற்குள், ஏறியவர்கள் கையெழுத்துப் போட ஒரு நோட்டு. தீவுக்காரர்கள் அதைத் தொடுவதில்லை. அது விருந்தாளிகளுக்கு; சொந்த வீட்டுக்குள் பெயர் எழுதிவிட்டா நுழைவார்கள்? வருஷக் கடைசியில் அதை வன அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுப்பது மட்டும் இவள். அங்கே யாருக்கும் ஏறத் தெம்பில்லை என்று தானாக இழுத்துப் போட்டுக்கொண்ட வேலை.

புதிதாக வந்த அதிகாரி நோட்டைப் புரட்டினார்.

"வருஷம் பூரா பதினோரு பேர்தாம்மா ஏறியிருக்காங்க. யாரும் போகாத பாதை எதுக்கு? வேலி போட்டு மூடச் சொல்லி எழுதப்போறேன்."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இந்த நோட்டு உங்க மேஜைக்கு எப்படி சார் வந்துச்சு?"

"நீங்க கொண்டுவந்தீங்க."

"அப்போ இருபத்திரண்டு வருஷமா வாராவாரம் ஏறுற நான் யாரும் இல்லையா?"

"உங்க பேர் இதுல இல்லையேம்மா. இது இங்கேயே இருக்கட்டும், கோப்போட இணைக்கணும்."

அவள் நோட்டை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள். "எடுத்த இடத்துலயே வெச்சுடறேன். வேணும்னா ஏறி வந்து எடுத்துக்குங்க."

நோட்டைக் கேட்டு அலுவலகத்திலிருந்து மூன்று கடிதங்கள் வந்தன. "வேலைக்கே உலை வெச்சுடுவாங்க, கொடுத்துத் தொலை" என்று புருஷன் கெஞ்சினார். அவள் மசியவில்லை.

நான்காவது மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, அதிகாரியே வந்து சேர்ந்தார். செருப்பு அறுந்து கையில் இருந்தது. பேச மூச்சில்லை. உச்சியில் உட்கார்ந்திருந்த அவள் தண்ணீர் கொடுத்தாள். அவர் வெகுநேரம் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பெட்டிப் பக்கம் கையை நீட்டினார். அவள் பேனாவை நீட்டினாள்.

"முதல்ல கையெழுத்துப் போடுங்க சார். ஏறினவங்க போடணும்."

அவர் போட்டார். நோட்டை அவள் பக்கம் தள்ளினார். "நீங்களும் போடுங்கம்மா. இருபத்திரண்டு வருஷத்துக்கும் சேர்த்து."

"நான் விருந்தாளி இல்ல சார்."

நோட்டு பெட்டிக்குள்ளேயே போயிற்று, அவர் கேட்கவில்லை. இறங்கும் வழியில் வழுக்குப்பாறை வந்ததும் அவள் நின்றாள்.

"இங்க ஒரு கைப்பிடிக் கம்பி வேணும் சார். அதை எழுதிக்குங்க."