கைக்கடிகாரத்தில் வந்த மாப்பிள்ளை

நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் மார்கரெட் என்றொரு அம்மையார் இருக்கிறார். காலை பதினொரு மணிக்குத் தேநீர் வண்டியைத் தள்ளிக்கொண்டே நான் கைக்கடிகாரத்தை வாயருகே பிடித்துத் தமிழில் பேசுவதைக் கண்டால், உடனே கண்ணை மூடிக்கொள்வார். பேச்சு முடிந்ததும் "ஆமென்" என்பார். இது பிரார்த்தனை இல்லை, அம்மாவோடு பேசுகிறேன் என்று ஒருநாள் விளக்கிச் சொன்னேன். "அவர் எப்போது காலமானார்?" என்று இரக்கத்தோடு கேட்டார். அதன்பிறகு நானும் விட்டுவிட்டேன்.

ஸ்காட்லாந்தில் கடலோரச் சிற்றூர் இது. வேலை நேரத்தில் கைபேசியைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். கடிகாரத்தில் இரண்டு வார்த்தை பேசினால் யாரும் கண்டுகொள்வதில்லை. இலங்கை மலைநாட்டில் என் ஊரான வட்டவளையில் அப்போது பிற்பகல் மூன்றரை. அம்மா மலையில் தேயிலைக் கொழுந்து எடுத்துக்கொண்டிருப்பாள். இரண்டு கைக்கும் வேலை. போனைப் பிடிக்க மூன்றாவது கைக்கு எங்கே போவாள்? வீட்டுக்கு வந்தால் தண்ணீர், சமையல், அசதி. அதனால்தான் சிம் போடுகிற கடிகாரம் ஒன்றை வாங்கி அனுப்பினேன். இணைய அழைப்பு போய்ச் சேர்ந்ததும், மணிக்கட்டுக்குப் பக்கத்தில் கொழுந்து ஒடிகிற சத்தம்கூட எனக்குக் கேட்கும். ஒரே தொல்லை, அதன் சத்தம் ஊருக்கே கேட்கும். வரிசை வீடுகளான எங்கள் லயத்தின் சுவருக்கே காது உண்டு. திறந்த மலைக்குச் சொல்லவா வேண்டும்!

போன மாதம் அந்த மலை முழுக்கக் கேட்கும்படிதான் ஜேமியைப் பற்றிச் சொன்னேன்.

"அம்மா, ஒருத்தர எனக்குப் புடிச்சிருக்கு. இங்கத்த ஆளு. நீ சரின்னு சொன்னாக் கட்டிக்கிறேன்."

கொழுந்து ஒடியும் சத்தம் நின்றது. மழை பெய்தாலும், அட்டை கடித்தாலும் நிற்காத கை அது. அம்மா மாட்டேன் என்றால் மீறி நடக்க எனக்குத் தைரியம் இல்லை. ஜேமியை விடவும் மனமில்லை.

பக்கத்து நிரையில் நின்ற செல்லம்மா அக்கா முந்திக்கொண்டாள். "ஏ புள்ள, தொரயவா கட்டப்போற?"

"தொர இல்லக்கா. இங்க குசினியில உருளக்கெழங்கு உரிக்கிறவரு."

மலையே சிரித்தது. எங்கள் தோட்டத்தில் வெள்ளைக்காரர் என்றாலே துரைதான். அவர்கள் போய், நம் நாட்டுக்காரர் நிர்வாகியாகத் தோட்டத்துப் பங்களாவுக்கு வந்த பிறகும் சொல் மாறவில்லை. துரை வந்தால் அம்மா கூடையோடு ஒதுங்கி நின்று சலாம் சொல்வதைச் சிறுவயதில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். எங்கள் லயத்து வாசற்படியை எந்தத் துரையும் மிதித்ததில்லை.

அந்த நேரம் பார்த்துச் சமையலறையிலிருந்து ஜேமி கோப்பைகளை எடுக்க வந்தார். என் முகத்தைப் பார்த்தே விஷயத்தைப் புரிந்துகொண்டு, ஒரு வாரமாகப் பழகி வைத்திருந்ததைக் கடிகாரத்துக்குள் சொன்னார்: "வணக்கம், அத்தை."

அந்தக் கனத்த குரலைக் கேட்டதும் அம்மா, "சலாங்க தொர!" என்றாள்.

சிரிப்பு அடங்கிவிட்டது. எனக்கு முகம் எரிந்தது. "அம்மா என்ன சொன்னார்?" என்று ஜேமி ஆவலாகக் கேட்டார். வணக்கம் சொன்னார் என்றேன். பொய்யில்லை, முழு உண்மையும் இல்லை.

"அம்மா, அவருக்கு ஒண்ணும் சலாம் போட வேணாம். ஒன் மருமகனா வரப்போறவரு."

"பழக்கம்டீ, வாயில வந்திருச்சு." மறுபடி கொழுந்தை ஒடித்துக்கொண்டே கேட்டாள்: "நம்ம வீட்டு வாசல்ல குனிஞ்சு வருவாரா?"

"வருவாரும்மா."

"பாய் போட்டா ஒக்காருவாரா?"

ஜேமியிடம் கேட்டேன். முழங்காலைக் கேட்டுத்தான் சொல்ல வேண்டும் என்றார். அதைத் தமிழில் சொன்னதும் செல்லம்மா அக்காவின் சிரிப்பு முதலில் வந்தது, பிறகுதான் அம்மாவுடையது.

அதற்குள் கொழுந்து நிறுக்கக் கூப்பிட்டுவிட்டார்கள். அம்மா சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அழைப்பைத் துண்டிக்கவும் மறந்துவிட்டாள். நான் தேநீர் ஊற்றிக்கொண்டே காதைக் கொடுத்திருந்தேன். தராசடியில் அம்மாவின் குரல் கேட்டது.

"கணக்கப்புள்ள ஐயா, மாப்புள வர்றப்ப எனக்கு ரெண்டு நாளு லீவு வேணுங்க."

"மாப்புளயா? எந்த ஊரு?"

"எம் மக ஊருதாங்க."

சந்தோஷத்தில் கோப்பை வழிந்ததைக்கூட நான் கவனிக்கவில்லை. என் ஊர் வட்டவளை என்றுதான் இங்கே எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அம்மா எனக்கு இந்தக் கடலோர ஊரைக் கொடுத்துவிட்டு, வெறுங்கூடையைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தாள்.