தொழுவத்தில் என் தம்பி

கோயிலில் கிறிஸ்துமஸ் குடில் போட வைக்கோலை உதறினார்கள். அந்த வாசனையில் எனக்கு மறுபடியும் ஏழு வயதானது.

அந்தக் கிறிஸ்துமஸ் நாடகத்தில் பாலன் இயேசு, என் கைக்குழந்தைத் தம்பி. அம்மாவின் மடியைப் பிடுங்கிக்கொண்டவனுக்கு முன்னால், சம்மனசாக, தேவதூதர் வேடத்தில் நானே மண்டியிட வேண்டியிருந்தது. வயிறு எரிந்தது.

திடீரென அவன் வீறிட்டான். மாதாவாக நடித்த பக்கத்து வீட்டு அக்கா எவ்வளவு தட்டியும் அடங்கவில்லை.

"நீ தூக்கு, ஆத்தா!" கூட்டத்திலிருந்து அம்மா கத்தினாள்.

வேண்டாவெறுப்பாகத் தூக்கினேன். என் கழுத்தில் முகம் புதைத்து, விக்கி விக்கி அடங்கினான். யாராவது தூக்கினால்தான் உண்டு என்கிற நிலையில்தான் கடவுளும் வந்தார் என்பது இன்று புரிகிறது.

அக்கா கை நீட்டினாள். "குடு, செத்த நேரம் நான் வச்சுக்கிறேன்."

"மாட்டேன். இவன் எந்தம்பி."

அன்றிலிருந்து, அவனை வேறு யார் தூக்கினாலும் எனக்குப் பொறாமைதான்.