பச்சைக் கறியும் ஒரு பொய்யும்

தீவில் லம்பா லைன் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு அந்த நாய் வந்தபோது அதற்கு ஒன்றரை மாதம். வளர்த்ததெல்லாம் என் மனைவிதான். மீன் வேகவைத்த தண்ணீரில் சோற்றைக் குழைத்து, விரலால் தடவித் தடவி முள்ளெடுத்து வைப்பாள். நாலு வருஷம் அதைத்தான் தின்றது.

போன மழைக்காலத்தில் அதற்குச் சொறி வந்தது. நான் போனில் தேடினேன். நாய்க்குச் சோறே ஆகாது, பச்சைக் கறியும் எலும்பும்தான் கொடுக்க வேண்டும் என்று ஒருவர் வீடியோவில் அடித்துச் சொன்னார்.

"ஒரு கொதி விட்டாவது கொடுங்க" என்றாள் மனைவி.

"வேகவெச்சா சத்து போயிடும். நீ போட்ட சோத்தாலதான் இந்தச் சொறியே" என்றேன்.

கோழிக் கழுத்தும் ஈரலும் வாங்கி ஃப்ரீசரில் அடுக்கினேன். இரண்டு வாரத்தில் நாயின் ரோமம் மினுங்குவதுபோல எனக்குத் தோன்றியது. ஹேடோ பகுதியில் இருக்கும் என் ஆபீசில் எல்லோரிடமும் அதைப் பற்றியே பேசினேன். "டாக்டர் சாப்" என்று கிண்டல் செய்தார்கள். அதுவும் பிடித்துத்தான் இருந்தது.

பிறகு ஒரு காற்றுமழையில் ஒன்றரை நாள் கரண்ட் இல்லை. ஃப்ரீசரில் கறி இளகி நீர்விட்டிருந்தது. லேசாக வாடை. "கொட்டிடுங்க" என்றாள். நாய் வயிறு தாங்கும் என்று சொல்லி, கரண்ட் வந்ததும் அதையே மறுபடி உறையவிட்டேன்.

மறுநாள் தட்டில் வைத்தேன். நாய் முகர்ந்துவிட்டு விலகிப் போனது. நான் விடவில்லை. தரையில் உட்கார்ந்து கையில் எடுத்து நீட்டினேன். என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தின்றது.

அடுத்த நாள் காலையில் வாந்தி. மதியத்துக்குள் ரத்தமாகப் போக ஆரம்பித்தது. ஆட்டோ பிடித்துக் கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனோம். மனைவி மடியில் அதன் தலை. என்ன கொடுத்தீர்கள் என்று டாக்டர் ஹிந்தியில் கேட்டார்.

"வீட்டுச் சாப்பாடுதான். சோறும் மீனும்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. வெட்கம்தான், வேறென்ன. டாக்டர் என் மனைவியின் பக்கம் திரும்பினார். "முள்ளைப் பார்த்து எடுக்க மாட்டீர்களா?" என்று கடிந்துகொண்டார். அவள் என்னைப் பார்த்தாள். நான் சுவரில் இருந்த தடுப்பூசி அட்டவணையைப் படித்துக்கொண்டிருந்தேன்.

"எடுத்துட்டுதான் கொடுப்பேன்" என்று மட்டும் சொன்னாள்.

எக்ஸ்ரேயில் முள் எதுவும் இல்லை. ட்ரிப் ஏற்றி அனுப்பினார்கள். சாயங்காலம் நாயால் எழுந்து நிற்கக்கூட முடியவில்லை. மனைவி என்னைக் கேட்காமலே டாக்டருக்குப் போன் செய்து, தனக்குத் தெரிந்த ஹிந்தியில் சொன்னாள். கெட்டுப்போன பச்சைக் கறி, டாக்டர். யார் கொடுத்தது என்று சொல்லவில்லை. இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று அவர் சத்தம் போட்டது எனக்கே கேட்டது.

"மறந்துட்டேன்" என்றாள்.

மருந்தை மாற்றினார்கள். நாலு நாள் ட்ரிப்புக்குப் பிறகு நாய் பிழைத்துக்கொண்டது. சொறிக்குக் காரணம் சோறு இல்லை, தோலில் பூச்சியாம். களிம்பில் போய்விட்டது.

கடைசி நாள் நான் மட்டும் அதைக் கூட்டிப்போனேன். "கறி கொடுத்தது நான்தான், டாக்டர். பொய் சொன்னதும் நான்தான்" என்றேன். அவர் எழுதிக்கொண்டே தலையாட்டினார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம், டாக்டரிடம் சொல்லிவிட்டேன் என்றேன்.

"அவர்கிட்ட சொல்லி என்னங்க ஆகப்போவுது?" என்றாள். அவளிடம் சொல்ல வேண்டியதை நான் இன்னும் சொல்லவில்லை.