கவுத்து வச்ச தட்டு

எங்க வீடு கபுருஸ்தான், அதான் இடுகாட்டு மதிலை ஒட்டினாப்புல. சின்ன வயசுல பந்து உள்ள விழுந்தா நான்தான் குதிச்சு எடுத்துட்டு வருவேன், மத்தவனெல்லாம் வெளியவே நிப்பான். பேய், ஜின்னுன்னு யாராவது பேச்சை ஆரம்பிச்சா எழுந்து போயிடுற ஆளு நான். ஆள் முகத்தைப் பார்த்துப் பேசத்தான் எனக்குக் கூச்சமும் பயமும். ஆள் இல்லாத இடத்துல பயம் வந்ததே இல்ல. இதை முதல்லயே சொல்லிடறேன், ஏன்னா இதைக் கேட்டுட்டு, பாவம் நாலாங்கிளாஸ் படிச்சவன், எலியைப் பார்த்துப் பயந்திருக்கான்னு நீங்க நினைப்பீங்க. நினைச்சா நினைச்சுக்குங்க. நடந்தது நடந்துச்சு, அதுவும் பட்டப்பகல்ல.

நான் பண்டாரி. கல்யாண வீட்டுக்கு பிரியாணி ஆக்குறவன், ராமநாதபுரம் பக்கம். நியூ ஜெர்சியில கேட்டரிங் நடத்துற நம்மாளு ஒருத்தர் ஊர்ல ஒரு கல்யாணத்துல என் சாப்பாட்டைச் சாப்பிட்டுட்டு, அமெரிக்கா வர்றியான்னு கேட்டார். வந்தேன். அவரை சார்னுதான் கூப்பிடுவேன். ஏர்போர்ட்ல இருந்து கார்ல ஏறின உடனே, "பாஸ்போர்ட்டைக் குடு காதர், நீ எங்கயாவது தொலைச்சிடுவ"ன்னு கையை நீட்டினார். இவ்வளவு பெரிய மனுஷர் நம்ம பொருளுக்குக் காவல் இருக்காரேன்னு சந்தோஷமா எடுத்துக் குடுத்தேன். அந்த ஒரு தப்பு என்னை ரெண்டு வருஷம் உக்கார வச்சிருச்சு.

சமையல் நடக்கிற இடம் ஒரு பழைய கல் வீடு. நியூ ஜெர்சின்னா நீங்க கடைத்தெருவும் நம்ம ஜனமும் நினைப்பீங்க, இது தெற்கே, வயலும் மரமும் ஒரு ஓடையும்தான். கீழே அடுப்படி, மாடியில எனக்கு ஒரு ரூம், தரைக்கு அடியில அரிசி வெங்காயம் வைக்கிற நிலவறை. கதவைப் பூட்டலைன்னாலும் எங்க போவேன்? ரோட்டுல நடக்கிற மனுஷனே கிடையாது, இங்கிலீஷ் தெரியாது, கையில ஒரு காகிதம் கிடையாது. "வெளிய கால் வச்சா போலீஸ் தூக்கிடுவான் காதர், உன்னை மாதிரி ஆளுக்குன்னே தனி ஜெயில் வச்சிருக்கான்"னு சார் சிரிச்சுக்கிட்டே சொல்வார். போன் அவர்கிட்ட. ஞாயித்துக்கிழமை அஞ்சு நிமிஷம் ஸ்பீக்கர்ல போட்டுக் குடுப்பார். என் மகளுக்குப் பிள்ளை பொறந்ததை அப்படித்தான் கேட்டேன். "வாப்பா, எப்ப வர்றீங்க, பேரன் உங்க மூக்கு"ங்கிறா. சார் பக்கத்துல வாட்சைப் பார்த்துட்டு நிக்கிறார். "சீக்கிரம்மா"ன்னேன். வேற என்ன சொல்ல முடியும், நீங்களே சொல்லுங்க.

எங்க பண்டாரிமார் வழக்கம் ஒண்ணு இருக்கு. தம் உடைச்சு அண்டா மூடியைத் திறந்ததும் முதல் கரண்டியை மாப்பிள்ளைக்கும் வைக்க மாட்டோம், முதலாளிக்கும் வைக்க மாட்டோம். தனியா ஒரு தட்டுல எடுத்து வச்சிருவோம், வழிப்போக்கனுக்கு. யாரும் வரலைன்னா கடைசியில காக்காய்க்கு. சார் பார்த்தா வேஸ்ட் பண்றேன்னு கத்துவார், அதனால நிலவறைக்குக் கொண்டு போயிடுவேன். அங்க கல் சுவத்துல விளக்கு வைக்கிற மாடம் மாதிரி ஒரு குழி. என் கல்யாணத்துக்கு வந்த எவர்சில்வர் தட்டு, என் சம்சாரம் பேர் வெட்டினது, அதுல சோத்தை வச்சு அந்த மாடத்துல வச்சிட்டு வந்திடுவேன். மறுநாள் பார்த்தா சோறு இருக்காது. எலின்னு நினைச்சேன். பூனை அளவுல, முகத்துல கறுப்புக் கண்ணாடி போட்ட மாதிரி இங்க ஒரு பிராணி இருக்கே, அதுன்னும் நினைச்சேன்.

ஒரு நாள் தட்டு கவுந்து இருந்துச்சு. விழுந்து கவுந்தது இல்ல, கழுவிக் கவுத்தது. நம்ம வீட்டுல பொம்பளைங்க தண்ணி வடியட்டும்னு சாய்ச்சு வைப்பாங்க பாருங்க, அப்படி. ஈரம் இன்னும் இருந்துச்சு. மோந்து பார்த்தேன், ஓடைத் தண்ணி வாசம், பாசி வாசம். அந்த நிலவறையில தண்ணிக் குழாயே கிடையாதுங்க.

எலி தட்டு கழுவுமா? நீங்க நம்பினாலும் நம்பாட்டியும் எனக்கு அன்னிக்குப் பயம் வரல. யாரோ சாப்பிட்டிருக்காங்க, வயிறு நிறைஞ்சிருக்கு, தட்டைக் கழுவி வைக்கிற அளவுக்கு நல்ல வளர்ப்புன்னுதான் தோணுச்சு. அடுத்த நாள் ரெண்டு துண்டு கறி சேர்த்து வச்சேன். அந்த வீட்டுல எனக்கு நன்றி சொன்ன ஒரே ஆள் அதுதான்.

அப்புறம் அந்தம்மா. டோலரஸ்னு பேரு, அறுபது வயசு இருக்கும், கறுப்பு இனத்தவங்க. செவ்வாய்க்கிழமை மத்தியானம் ரெண்டு மணிக்கு வேன்ல வந்து மிச்சம் விழுந்த சாப்பாட்டை டப்பாவுல வாங்கிட்டுப் போவாங்க, அவங்க சர்ச்சுல இல்லாதவங்களுக்குக் குடுக்க. சாருக்கு அதுல நல்ல பேரு. அந்த நேரம் சார் பொண்ணைக் கூப்பிட ஸ்கூலுக்குப் போயிடுவார். அந்தம்மா என்னமோ பேசுவாங்க, நான் தலையைக் குனிஞ்சு டப்பாவை நீட்டுவேன். ஒரு தடவை பனியில ரப்பர் செருப்போட நின்னேன். என் காலையே பார்த்தாங்க. அடுத்த வாரம் ஒரு ஜோடி பூட்ஸ் கொண்டு வந்தாங்க.

காலை விட்டா உள்ள காகிதம். தமிழ்ல. கோழி கிளறின மாதிரி எழுத்து, எழுத்துப் பார்த்து வரைஞ்சது மாதிரி. "பாஸ்போர்ட் உங்களிடம் இல்லையா? போக விருப்பமா? ஆம் என்றால் ஒரு டப்பாவில் வெங்காயத் தோல் மட்டும் போட்டு அனுப்புங்கள்."

வெங்காயத் தோலுக்கா பஞ்சம், ஒரு நாளைக்கு ரெண்டு மூட்டை உரிக்கிறேன். ஆனா மூணு செவ்வாய் என்னால போட முடியல. கை போகும், திரும்பி வந்துடும். மூணாவது வாரம் நிலவறைக்குப் போறேன், கவுத்து வச்ச தட்டு மேல ஒரே ஒரு வெங்காயத் தோல் கிடக்குது. பக்கத்துல மூட்டை இருக்கு, காத்துல பறந்து விழுந்திருக்கலாம். இருக்கலாம். நாலாவது செவ்வாய் டப்பா நிறைய தோலை அடைச்சுக் குடுத்தேன். டோலரஸ் அம்மா மூடியைத் திறந்து பார்த்துட்டு, சோத்து டப்பாவை வாங்குற மாதிரியே வாங்கி அடுக்கினாங்க. கண்ணு மட்டும் கலங்கியிருந்துச்சு.

போகும்போது இன்னொரு காகிதத்தைக் கையில திணிச்சாங்க, அடுத்த செவ்வாய் ரெண்டு மணிக்குன்னு ஏற்பாடு. பையைக் கட்டி பின் கதவுப் பக்கத்துல வச்சேன். தட்டை எடுத்துக்கலாம்னு நிலவறைக்கு இறங்கினேன், அது என் சம்சாரம் பேர் வெட்டினது, விட்டுட்டுப் போக மனசு வரல. மாடத்துல தட்டைக் காணோம். நான் தேடிக்கிட்டு நிக்கிறேன், மேல கார் சத்தம். பனி ஜாஸ்தின்னு அன்னிக்கு ஸ்கூல் லீவாம், எனக்கு எங்க தெரியும்?

"காதர்! இது யார் பை?"

பையைப் பின் கதவுக்கிட்டயே விட்டுட்டு வந்திருந்தேன்.

"எங்கடா கிளம்பிட்டே? காதர்!" படிக்கட்டுல பூட்ஸ் சத்தம் இறங்குது.

மாடத்துக்குப் பக்கத்துல ஒரு மர அலமாரி உண்டு, வெங்காய மூட்டை அடுக்குறது. தனியாளா தள்ளினா நகராது. அது சுவத்தை விட்டு ஒரு முழம் விலகி நின்னுச்சு. பின்னால முட்டி உயரத்துக்கு ஒரு பொந்து. யோசிக்கலைங்க, தவழ்ந்து உள்ள போயிட்டேன். அலமாரி பின்னாலயே வந்து மூடிக்கிச்சு. நான் இழுக்கல.

சார் டார்ச் அடிக்கிறார். பலகை இடுக்கு வழியா வெளிச்சம் என் முட்டி மேல கோடு போடுது. "காதர், பயப்படாத, வெளிய வா. டீ போட்டுக் குடிப்போம்"ங்கிறார், கல்யாண வீட்டுல என்னைக் கூப்பிட்டாரே அதே குரல்ல. கொஞ்ச நேரம் பார்த்தார். "நன்றி கெட்ட நாயே, நாலாங்கிளாஸுக்கு அமெரிக்காவைக் காட்டினேன்ல, என்னைச் சொல்லணும்." மூச்சு விட்டா கேக்கும், அவ்வளவு கிட்ட. நான் வாயைப் பொத்திக்கிட்டேன். அப்ப என் இடது கையை ஒரு கை பிடிச்சுது.

பெரிய கை. உள்ளங்கை காய்ச்சுப் போய் இருந்துச்சு, எங்க தொழில்ல கரண்டி பிடிச்சுப் பிடிச்சு காய்க்கும் பாருங்க, அந்த இடத்துலயே. சில்லுன்னு இல்ல, சூடா இருந்துச்சு. இறுக்கல, குழந்தை கையைப் பிடிக்கிற மாதிரி பிடிச்சுக்கிச்சு. நடுங்கினது என் கையா அந்தக் கையான்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது.

சார் மேல ஏறிப் போனார், கார் கிளம்புற சத்தம் கேட்டுச்சு, ரோட்டுல என்னைத் தேடப் போறார். கை விட்டுச்சு. மடியில கனமா ஏதோ வந்து உக்காந்துச்சு. தடவிப் பார்த்தேன், தட்டு. விளிம்புல என் சம்சாரம் பேரு விரல்ல தட்டுது. அதுல ஒரு ரொட்டி, அப்பத்தான் எடுத்த சூடு. யாரு சுட்டது, எங்க அடுப்பு? தெரியாது. காலையில இருந்து நான் ஒண்ணும் சாப்பிடல. அழுதுகிட்டே பாதியைத் தின்னேன். அப்பத்தான் எனக்கு உறைச்சுது, இந்த வீட்டுல அன்னிக்கு முதல் கரண்டி எனக்கு விழுந்திருக்கு. வழிப்போக்கன் நான்தான்.

வெளிய வேன் ஹாரன் ரெண்டு தடவை கேட்டுச்சு. அலமாரியைத் தொட்டேன், கதவு மாதிரி விலகிச்சு. தட்டோட ஓடினேன்.

வேன்ல டோலரஸ் அம்மா போன்ல யாரையோ பிடிச்சு என்கிட்ட நீட்டினாங்க. "அஸ்ஸலாமு அலைக்கும் காக்கா, நான் பர்வீன், உங்களை மாதிரி மாட்டினவங்களுக்கு உதவுற ஆபீஸ்ல இருக்கேன். அந்த அசிங்கமான எழுத்து அவங்க எழுதினதுதான். நான் எழுதி அனுப்பினதைப் பார்த்து ரெண்டு நாள் உக்காந்து வரைஞ்சாங்க, சிரிக்காதீங்க"ன்னுச்சு ஒரு பொண்ணு. ரெண்டு வருஷம் கழிச்சு ஒருத்தர் என்னை அண்ணனா கூப்பிடுறாங்க. எங்க பக்கம் காக்கான்னா அண்ணன்.

மிச்ச ரொட்டி தட்டுல இருந்துச்சு. டோலரஸ் அம்மா அதைப் பார்த்தாங்க. மக்காச்சோள மாவு ரொட்டி, அடியில சாம்பல் ஒட்டியிருந்துச்சு. வேனை ஓரம் கட்டி நிறுத்திட்டு எடுத்து மோந்தாங்க. அப்புறம் சொன்னதை பர்வீன் எனக்குத் தமிழ்ல சொல்லுச்சு. அவங்க முன்னோர் அடிமையா கிடந்த காலத்துல சோள மாவைச் சாம்பல்ல புதைச்சுத்தான் சுடுவாங்களாம். தெற்கே இருந்து தப்பி வர்றவங்களை இந்தப் பக்கத்துல வீட்டுக்கு வீடு ரகசியமா ஒளிச்சு, சோறு போட்டு, வடக்கே கை மாத்தி விடுவாங்களாம். இந்தக் கல் வீடும் அதுல ஒண்ணுன்னு அவங்க சர்ச்சுல பேச்சு உண்டாம். ஒளிச்சவங்க யாரு, ஒளிஞ்சவங்க யாருன்னு கேட்டேன். பேரைக் கேக்காததும் எழுதி வைக்காததும்தான் அந்த வேலையோட முறைன்னாங்க. அந்த ஜனங்க பட்டதுக்கு முன்னால நான் பட்டது தூசிங்க. இருந்தும் எனக்கும் ஒரு ரொட்டி வச்சிருந்தாங்க.

பிறகு பர்வீன் ஏற்பாடு பண்ணின வக்கீலம்மா, போலீஸோட ஒரு தடவை அந்த வீட்டுக்குப் போனோம், பாஸ்போர்ட் கிடைச்சுது. அலமாரியை மூணு போலீஸ்காரர் சேர்ந்து நகர்த்தினாங்க. பொந்து இருந்துச்சு. நான் பொய் சொல்லல பாருங்க. ஒருத்தர் அளந்து பார்த்துட்டு, முட்டியை மடக்கினா ஒரு ஆள் உக்காரலாம், அதுக்கு மேல இடமில்லைன்னார். என் இடது பக்கம் வெறும் கல்.

வக்கீலம்மா என் காகிதமெல்லாம் சரி பண்ணிக் குடுத்தாங்க. இப்ப நான் டெக்சாஸ்ல, சுகர் லேண்ட்ல ஒரு மெஸ்ஸுல சமைக்கிறேன். ஊருக்குப் போய் பேரனைத் தூக்கிக் கொஞ்சிட்டு வந்தாச்சு, மூக்கு என்னோடதுதான். இங்கயும் முதல் கரண்டியை அதே தட்டுல எடுத்து பின் ஜன்னல்ல வைக்கிறேன். சாயங்காலம் வரைக்கும் அப்படியே இருக்கும், குருவிக்குப் போட்டுடுவேன். ஆனா இதுவரைக்கும் மூணு தடவை தட்டு கழுவிக் கவுந்து இருந்திருக்கு. ஜன்னலுக்கு வலை அடிச்சிருக்கு, நான் சமையக்கட்டை விட்டு நகரல. அதே ஓடை வாசம், இங்க பக்கத்துல ஓடையே இல்ல. மூணு தடவையும் ரெண்டு நாளைக்குள்ள பர்வீன் போன் வந்துச்சு. "காக்கா, ஒரு ஆள் வர்றாங்க, உங்களை மாதிரிதான். கொஞ்ச நாள் சோறு போட முடியுமா?"

நான் தட்டு விஷயத்தை பர்வீன்கிட்ட சொன்னது இல்ல.

இன்னிக்கு மத்தியானம் பார்த்தேன், கவுந்து இருக்கு. போன் இன்னும் வரல. மாடி ரூம்ல பாய் விரிச்சு வச்சிட்டேன். அரிசியில ஒரு பிடி கூடப் போட்டு ஊற வச்சிருக்கேன்.