பெஞ்சுக்கும் சேர்த்துத்தான்

மத்தியஸ்தராக வேண்டும் என்ற எண்ணம் எனக்கு முதன்முதலில் வந்தது, ஒரு மத்தியஸ்தரை விசிலோடு சேர்த்துக் கடித்துத் தின்னலாம் போல கோபம் வந்த நொடியில்தான். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது.

மாத்தளையில், பிரதான வீதியை ஒட்டிய கூடைப்பந்துத் திடல். தம்புள்ளைக்குப் போய்வரும் மரக்கறி லொறிகள் ஹோர்ன் அடித்தால் விசில் சத்தமே கேட்காது. எங்கள் பாடசாலைப் பெண்கள் அணிக்குச் சித்திதான் பயிற்றுவிப்பாளர். திடலில் அவரை நான் ‘டீச்சர்’ என்றுதான் கூப்பிட வேண்டும். அன்று வென்றால் மாகாணப் போட்டிக்குக் கண்டி போகலாம். எங்கள் பாடசாலை அதுவரை போனதே இல்லை. நான் பெஞ்சில் கடைசி ஆள். களத்தில் இறக்க மாட்டார்கள் என்பதால் கண்ணுக்கு நிறைய வேலை.

எதிரணிப் பயிற்றுவிப்பாளர் ஆரம்பத்திலிருந்தே உட்காரவில்லை. கோட்டைத் தாண்டி வந்து கத்தினார். தண்ணீர்ப் போத்தலை ஓங்கித் தரையில் அடித்தார். ஒவ்வொரு முறையும் மத்தியஸ்தர் சிரித்துக்கொண்டே போய் அவர் தோளில் கைபோட்டார்: “அண்ணே, கொஞ்சம் உக்காருங்க அண்ணே.” நான்கு முறை. விரல்விட்டு எண்ணினேன்.

சித்தி ஒரே ஒரு முறை எழுந்து, “சேர், அது எங்க பந்துதானே?” என்று கேட்டார். விசில் பறந்தது. ஆட்டத்தையே நிறுத்திவிட்டு வந்தார் மத்தியஸ்தர்.

“டீச்சர், இது வார்னிங். பெஞ்சுக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்.”

“சரிங்க சேர்” என்று உட்கார்ந்த சித்தி எங்கள் பக்கம் திரும்பினார். “யாராவது வாயத் தொறந்தீங்க, பாருங்க!”

கடைசி நிமிடம். புள்ளிகள் சமம். எதிரணிப் பயிற்றுவிப்பாளர் ஐந்தாவது முறையாக, இப்போது களத்துக்குள்ளேயே நடந்து வந்தார். மறுபடியும் அண்ணே, மறுபடியும் தோள். நான் எழுந்து நின்றதே எனக்குத் தெரியாது.

“சேர், அவருக்கு மட்டும் வார்னிங் கெடையாதா? எங்க சித்திக்கு மட்டுந்தானா?”

அந்த நேரம் பார்த்து ஒரு லொறிகூட ஹோர்ன் அடிக்கவில்லை. மத்தியஸ்தர் இரண்டு கைகளாலும் ‘டி’ காட்டினார். டெக்னிகல் ஃபவுல். அதுவும் சித்தியின் பெயரில்.

“பேசினது நான் சேர்! எனக்குப் போடுங்க!”

“பெஞ்சில யாரு பேசினாலும் கோச்சுக்குத்தான் எழுதுவோம், மகள்.”

சித்தி என் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். “எழுதுங்க சேர்” என்றார். அவர்களுக்கு ஒரு ஃப்ரீ த்ரோ. பந்து வளையத்தைத் தொடாமலே உள்ளே விழுந்தது. அந்த ஒரு புள்ளியில் தோற்றோம்.

பஸ்ஸில் அக்காமார் விடவில்லை. “எறங்கி ஆடாமலே மெட்ச்ச தோக்கடிச்சவ இவதான்டி!”

“அவள விடுங்க” என்றார் சித்தி. “அவ கேட்டது நான் கேட்டிருக்க வேண்டியது.”

மத்தியஸ்தர் கவனிக்கவில்லை என்றுதான் அன்று நினைத்தேன்; எடுத்துச் சொன்னால் சரியாகிவிடும் என்று நம்பித்தான் எழுந்தேன். ஐந்து முறையும் பார்த்துக்கொண்டேதான் சிரித்தார் என்பது, மத்தியஸ்தர் பயிற்சி வகுப்பில் போய் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. தோளில் விழுந்த கையும் எச்சரிக்கைதான். முடிவே இல்லாத எச்சரிக்கை. எங்களுக்குக் கிடைத்தது ஒன்று, அதுவே கடைசி. இன்றைக்கு நினைத்தாலும் காது சூடாகிறது. எனக்காகக் கொடுத்த டெக்னிகல் சரிதான், நானும் கொடுத்திருப்பேன். ஆனால் அதற்கு வெகுநேரம் முன்பே மற்றப் பக்கத்துக்குக் கொடுத்திருப்பேன்.

வரும் சனிக்கிழமை யட்டவத்தயில் சிறுமிகள் ஆட்டம். என் முதல் விசில். ஓர் அணிக்கு, அன்று போத்தலை அடித்த அதே மனிதர்தான் பயிற்றுவிப்பாளர். பந்தை உயரே போடுவதற்கு முன் இரு பயிற்றுவிப்பாளர்களையும் நடுவில் கூப்பிட்டு, ஒரே குரலில் ஒரே ஒரு முறை எச்சரிக்கப் போகிறேன். அவர் தோளுக்கு என் கை எட்டாது என்பது நல்லதாகப் போயிற்று.