முப்பத்தொரு நாய்க்காரி

முப்பத்தொரு நாயாம். யார் எண்ணியது? எண்ண வந்த நகரசபை ஆள் கேட்டைத் தாண்டி ஓர் அடி வைக்கவில்லை. குடையைக் கேடயம் மாதிரி முன்னால் பிடித்துக்கொண்டு தெருவிலேயே நின்றார். எதிர்வீட்டு ஜன்னலில் இருந்து நான் பார்த்தேன். இன்றைக்கும் மளிகைக் கடையில் யாராவது, முப்பத்தொரு நாயை வைத்துத் தெருவையே நாறடித்தவள் என்று அவளைப் பற்றி ஆரம்பித்தால், பையைக் கீழே வைத்துவிட்டுத்தான் பதில் சொல்கிறேன்.

இருந்தவை ஐந்து. மீட்டர்க்காரி அவற்றுக்குப் பெயர் என்று தனியாக வைக்கவில்லை. எந்த வீடு விட்டதோ அந்த வீட்டு நம்பர்தான் பெயர். மூணு, ஒம்பது, பதினாலு, இருபத்தேழு, முப்பத்தொண்ணு. நகரசபை ஆள் எல்லாவற்றையும் கூப்பிடச் சொன்னார். அவளும் வரிசையாகக் கூப்பிட்டாள். கடைசியாகக் காதில் விழுந்த எண்ணைத் தாளில் எழுதிக்கொண்டு அவர் போய்விட்டார். கணக்கு அவ்வளவுதான்.

கரண்ட் மீட்டரில் ரீடிங் எடுப்பது அவள் வேலை. ஐம்பது வயது இருக்கும். காதில் பேனா, கக்கத்தில் அட்டை, பையில் ஒரு டார்ச்சும் உடைந்த பிஸ்கட்டுகளும். மாடிப்படிக்கு அடியில், குளியலறைக்குப் பின்னால், வீட்டுக்காரர்களே எட்டிப் பார்க்காத மூலையில்தான் மீட்டர் இருக்கும். நாயைக் கட்டுவதும் அங்கேதான். இடது கெண்டைக்காலில் பல் பதிந்த தழும்பைக் காட்டி, "இது முப்பத்தொண்ணு போட்ட கையெழுத்து" என்பாள்.

ஒரு வீடு காலியானால் கடைசி ரீடிங் எடுக்கவும் அவள்தான் வருவாள். முப்பத்தொன்றாம் நம்பரில் இருந்தவர்கள் கட்டில், அலமாரி, பூந்தொட்டி வரைக்கும் ஏற்றிக்கொண்டு போனார்கள். மூன்றாம் நாள் இவள் போனபோது கொல்லைப்புறத்தில் சங்கிலி இழுபடும் சத்தம். அதற்குப் பிறகு எந்தக் காலி வீட்டுக்குப் போனாலும், எண்ணைக் குறித்ததும் பேனாவைக் காதில் செருகிக்கொண்டு கொல்லைப்பக்கம் ஒருமுறை சுற்றிப் பார்க்காமல் பூட்ட விடமாட்டாள். சாவியோடு நிற்பவர் அவசரப்பட்டால், "ஒரு நிமிஷம். மீட்டரை மட்டும் பார்த்தா போதாது" என்பாள்.

மற்ற நாலும் தானாக நடந்து வந்தவை அல்ல, நாம் கொண்டுபோய்ச் சேர்த்தவை. பதினாலாம் நம்பர் மருந்துக்கடைக்காரர், நாய்க்குக் கண் தெரியாமல் போனதும் அவள் கேட்டில் கட்டிவிட்டு வந்தார். இருபத்தேழாம் நம்பர் டீச்சரின் நாய்க்குச் சொறி. மூன்றாம் நம்பர்க்காரர்கள் ஒரு ரொட்டிப் பொட்டலமாவது கூட வைத்தார்கள். ஒன்பது எங்கள் வீடு. பேத்தி கேட்டாள் என்று என் மகன் வாங்கிய குட்டி. அது வளர்ந்து நாலு ஜோடி செருப்பைக் கடித்ததும், தோட்டம் வைத்திருக்கிற ஒருவரிடம் கொடுத்துவிட்டதாக என்னிடம் சொன்னான். மறுநாளே அவள் வீட்டுப் படியில் உட்கார்ந்திருந்தேன். "ஒம்பது" என்று அவள் கூப்பிட, அது வந்து என் மடியில் மோவாயை வைத்தது. அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. அடுப்பைப் பார்ப்பதுபோல் உள்ளே போய்விட்டாள்.

மனிதர்களிடம் அவளுக்கு மரியாதை கொஞ்சம் குறைச்சல்தான், மறைக்க மாட்டேன். நாய்களிடம் மட்டும் வாங்க, போங்க. "பதினாலு, அடுத்தவங்க தட்டை நக்காதீங்க. இருபத்தேழு, வயசுக்கேத்த மாதிரி நடந்துக்குங்க." தெருமுனை வரை கேட்கும். மருந்துக்கடைக்காரருக்கு அதுதான் பொறுக்கவில்லை. மனு எழுதினார்.

குரைக்கவில்லை என்று சொல்ல வரவில்லை. குரைத்தன. வீட்டுக்கு இரண்டு நாய் என்று சட்டம் போட்டவருக்கும் காது இருந்திருக்கும். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. மனுவில் கையெழுத்துப் போட்ட வீடுகளை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. மூன்று இருந்தது, பதினாலு இருந்தது, இருபத்தேழு இருந்தது. ஒன்பதும் இருந்தது. சாக்கடை அடைப்புக்கு மனு என்று சொல்லி என் பெருவிரலைப் பிடித்து மையில் அழுத்தியவன் என் மகன். எனக்கு எழுத்துத் தெரியாது. மகனைத் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

விஷயம் தெரிந்ததும் அவளை இழுத்துக்கொண்டு நகரசபைக்குப் போனேன். என் ரேகையைத் திருப்பிக் கொடு என்று கேட்டேன். ரேகை போனாலும் சட்டம் போகாது என்றார் அதிகாரி. முப்பத்தொன்றை அடித்து ஐந்து என்று எழுதினார், அதுவரைக்கும் நல்லவர். இரண்டை வைத்துக்கொள்ளலாம், மூன்றைப் பதினைந்து நாளில் அனுப்பிவிட வேண்டும்.

"எந்த மூணு?" என்றாள் அவள்.

"அது உங்க இஷ்டம்மா."

"கண்ணு தெரியாததா, சொறி பிடிச்சதா, கட்டிப்போட்டுட்டுப் போனதா? சட்டத்துல எழுதியிருக்கும், பாருங்க."

பாவம், அவர் தாளைப் புரட்டித் தேடினார்.

விட்டவர்களுக்கு என்ன தண்டனை என்று நான் கேட்டேன். யார் விட்டார்கள் என்பதற்குச் சாட்சி இல்லையாம். நாள் முழுக்க நம்பரைச் சொல்லித்தானே கூப்பிடுகிறாள், அதைவிடவா சாட்சி வேண்டும்?

அந்த மாத ரீடிங்கின்போது நாலு வீட்டிலும் கேட்டாள். மூன்று வீடு தங்கள் நாயைத் திரும்ப எடுத்துக்கொண்டால் மீதி இரண்டோடு அவள் இங்கேயே இருந்துவிடலாம். "ரீடிங் எடுத்தாச்சு. உங்க ஆள் ஒருத்தர் என்கிட்ட இருக்கார். கூட்டிட்டு வரட்டுமா?" மருந்துக்கடைக்காரர் தனக்கு அலர்ஜி என்றார், மருந்து விற்கிறவர். டீச்சர் குளித்துக்கொண்டிருந்தாராம், இரண்டு முறை போனபோதும் குளித்துக்கொண்டிருந்தாராம். மூன்றாம் நம்பரில் சாத்திய கதவுக்குப் பின்னால் டிவி மட்டும் பேசியது. எங்கள் வாசலில் அவள் வாயைத் திறக்குமுன் நான், "கூட்டிட்டு வாடி" என்றேன். என் மகன் குறுக்கே வந்து நின்றான்.

"அம்மா சும்மா சொல்றாங்க."

"நான் எப்படா சும்மா சொன்னேன்?"

கதவைச் சாத்திவிட்டான். வீடு அவன் பேரில் இருக்கிறது. அன்றிலிருந்து அவன் தட்டில் நான் சோறு வைப்பதில்லை. இனியும் வைக்கப் போவதில்லை.

பதினைந்தாம் நாள் காலையில் ஒரு சின்ன வேன் வந்தது. ஊர் எல்லைக்கு வெளியே, இந்தச் சட்டம் எட்டாத இடத்தில், மரக்கிடங்குக்குப் பின்னால் ஓர் அறை பிடித்திருந்தாள். வேலைக்கு வர இரண்டு பஸ் மாற வேண்டும். நாலு நாய்கள் தாமாகவே ஏறின; கண் தெரியாத பதினாலை அவள் தூக்கி வைத்தாள். பிறகு தன் வீட்டு மீட்டருக்கு டார்ச் அடித்துப் பார்த்து, அட்டையில் எண்ணைக் குறித்தாள். வீட்டை வாடகைக்கு விட்டவர் பூட்டும் கையுமாக நின்றார்.

"எல்லாந்தான் ஏத்தியாச்சே, கிளம்பும்மா."

"ஒரு நிமிஷம்" என்றாள். பேனாவைக் காதில் செருகிக்கொண்டு, கொல்லைப்பக்கம் போய் ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு வந்தாள்.