அம்மா உயரத்துக்கு ஒரு மேடை

எங்க அக்காவுக்குப் பட்டறையில் பட்டப்பேரு 'மடக்கு'. கட்டில், மேசை, அலமாரி, எதுவானாலும் மடக்கிச் சுவரோரம் சாத்துகிற மாதிரிதான் செய்வாள். பசையே கிடையாது, எல்லாம் திருகாணிதான். ஒரு பலகை போனால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். அடிக்கடி வீடு மாறுகிறவர்கள்தான் அவளைத் தேடி வருவார்கள். வந்தவர்களிடம் முதலில் அளவு கேட்கமாட்டாள். "போன வீட்ல எதை விட்டுட்டு வந்தீங்க?" என்பாள். மேசை வாங்க வந்த ஒரு நர்ஸம்மா அதைக் கேட்டு மூக்கைச் சிந்த ஆரம்பித்துவிட்டார். வியாபாரம் பண்ற லட்சணமா இது!

அவளைக் குறை சொல்லி என்ன பண்ண? வளர்ந்த விதம் அப்படி. அப்பா பாலம் கட்டும் கம்பெனியில் மேஸ்திரி. ஒரு பாலம் முடிந்தால் அடுத்த ஊர். லாரியில் ஏறாததெல்லாம் தெருவிலேயே நிற்கும். நானும் அக்காவும் மூட்டைமேல் உட்கார்ந்து திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போவோம். ஆனாலும் அந்த லாரிப் பயணம் போல ஒரு சுகம் பிறகு எனக்கு வாய்க்கவில்லை.

ஒருமுறை அடுத்த ஊருக்கு மாற்றல் வந்தபோது அம்மா ஒரேயடியாகச் சொல்லிவிட்டாள். "நானும் பிள்ளைங்களும் இங்கேயே இருக்கோம். நீங்க மட்டும் போங்க. ஒரு வீட்ல சமையல் மேடைக்குக் குனிஞ்சு குனிஞ்சு இடுப்பு போகுது, இன்னொரு வீட்ல எக்கி எக்கித் தோள் போகுது. என் கைக்கு வாகா ஒண்ணு எங்கேயாவது இருந்துச்சா?"

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். அப்பா இல்லாத வீடா? என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

அக்கா அப்போதுதான் பள்ளிக்கூடம் முடித்திருந்தாள். மெஷின் வந்திறங்கிய மரப்பெட்டிகளைப் பாலத்து வேலையிடத்தில் எறிந்திருந்தார்கள். அந்தப் பலகைகளை இழுத்துவந்து மடக்கு மேடை ஒன்று செய்தாள். அம்மா வெளியே கிளம்பும்போது செருப்போடு நிற்கவைத்து அளவெடுத்திருக்கிறாள். அம்மா வெறுங்காலோடு நின்றால் மேடை இரண்டு விரற்கடை உயரமாக இருந்தது.

"சமையல்கட்டுல யாராவது செருப்பு போடுவாங்களா, மண்டு!" என்றேன்.

"உன் வேலையைப் பாருடா" என்று முறைத்துவிட்டு, மேடையின் கால்களை அறுத்துக் குட்டையாக்கினாள்.

லாரி வந்த காலையில் மேடையை விரித்துவைத்தாள். அம்மா அதன்முன் நின்று ஒரு வெங்காயத்தை நறுக்கினாள். இன்னொன்றை நறுக்கினாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அப்பா வாசற்படியில் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார்.

அம்மா மேடையைத் துடைத்தாள். தானே மடக்கினாள். தூக்கிக்கொண்டு அப்பாவைத் தாண்டிப் போய் லாரியில் வைத்தாள்.

"என்ன மசமசன்னு உக்காந்திருக்கீங்க? உள்ள என் பெட்டி இருக்கு, எடுத்துட்டு வாங்க" என்றாள்.